நாற்பத்தொன்றாம் கொக்கி

மார்ச் இரண்டாம் வாரம்.
மேடையில் கொடுத்த சிலைகளில்
கைவேர்வை இன்னும் காயவில்லை.
ஹ்ராச்சியா அதற்குள்
அடுத்த வருடத்துப் பட்டியலைத் தொடங்கிவிட்டான்,
டோனட் வந்த இளஞ்சிவப்பு அட்டையின் உட்புறத்தில்,
எண்ணெய் படாத மூலையாகப் பார்த்து.

பர்பாங்கில், தனித்திரையிடல் அரங்கின் பின்வாசல்.
அவன் கார் எடுத்து வருபவன். நான் சாவிப் பலகை.
என் பெயர் யெசேனியா.
சட்டையில் ஜோலின் என்றிருக்கும்,
எனக்கு முன்னால் இருந்தவளின் சட்டை.

உள்ளே ஓடுவது பாதிப் படம்.
இசை இரவல். வானம் பச்சைத் துணி.
கடல் வர வேண்டிய இடத்தில்
'கடல்' என்று எழுதிய ஓர் அட்டை வருமாம்.
அதைக்கூடப் பார்க்க எங்களுக்கு அனுமதியில்லை.
பார்த்துவிட்டு வருகிற முகம் மட்டும்தான் எங்களுக்கு.

"கார் கேட்கிற குரலில் இருக்கிறது எல்லாம்" என்பான்.
படியிலேயே "அற்புதம்" என்றால் எழுதமாட்டான்.
அற்புதம் இந்த ஊரில் தும்மலுக்குச் சொல்வது.
போனைப் பார்த்தபடி வந்தால் ஒலிக்கு ஒன்று, போனால் போகிறது.
வழக்கத்துக்கு மேல் டிப்ஸ் விழுந்தால் குற்ற உணர்ச்சி:
துணை நடிகை, நிச்சயம்.
ஏன் துணை நடிகை என்று கேட்டேன்.
"கதாநாயகிக்காக யாரும் குற்ற உணர்ச்சி கொள்வதில்லை."

போன வருடம் பத்துக்கு ஏழு.
இதையே வேலையாக வைத்துப் பத்திரிகையில் எழுதும்
லோவெல் பிராண்டுக்கு ஆறு.
அவன் வெள்ளை வோல்வோவை
ஹ்ராச்சியா வேண்டுமென்றே வெயிலில் நிறுத்துவான்.

ஜூனில் ஒரு வியாழன்.
படத்தின் பெயர் 'உப்புத் தராசு'.
பதினோரு பேர் வெளியே வந்தார்கள்.
ஒருவரும் கார் கேட்கவில்லை.
ஒரு மனிதர் டோக்கனுக்குப் பதில்
தன் வீட்டுச் சாவியை என்னிடம் நீட்டினார்.
இன்னொருவர் காரில் ஏறி, கதவை மூடாமல்,
ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார்.
பின்னால் நின்ற எவரும் ஹாரன் அடிக்கவில்லை.
லாஸ் ஏஞ்சலஸில்.
சாம்பல்நிறக் கோட்டுப் பெண் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து
செருப்பைக் கழற்றி வைத்தாள்.
பிறகு வெறுங்காலோடு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஹ்ராச்சியா நள்ளிரவு வரை எழுதவில்லை.
எழுதியபோது பேனா அட்டையைத் துளைத்தது.
முதல் வரி.

ஆகஸ்டில் நிறுவனம் கைமாறியது.
புதியவர்கள் கணக்குப் பார்த்தார்கள்:
படம் வெளிவந்தால் நஷ்டம் பெரிது,
வராவிட்டால் வரி மிச்சம்.
ஏதோ ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள்.
அந்தச் சாவி என் பலகைக்கு வரவில்லை.

"வேறு பெயர் எழுது" என்றேன்.
"எதற்கு?"
"பிறக்காத பிள்ளைக்கு யார் பரிசு கொடுப்பார்கள்?"
"பிறந்தது. பதினோரு பேர் பார்த்தார்கள்" என்றான்,
"நான் அவர்களைப் பார்த்தேன்."

ஜனவரி, விடியற்காலை ஐந்தரை.
என் போனில் இருவர் பளிச்சென்று உடுத்திக்கொண்டு
பெயர்களை வாசித்தார்கள்.
நடுவில் ஒரு சிரிப்பு, யாரோ ஒத்திகை பார்த்துக் கொடுத்தது.
ஹ்ராச்சியா டிக் போட்டுக்கொண்டே வந்தான்.
ஆறு. லோவெல் பிராண்டுக்கு எட்டு.
முதல் வரியில் டிக்கும் இல்லை, பெருக்கல் குறியும் இல்லை.
துளை வழியே அவன் கட்டைவிரல் தெரிந்தது.

செருப்பு என்னிடம்தான் இருக்கிறது.
கறுப்பு, இடது வார் தேய்ந்தது.
சாவிகளோடு, நாற்பத்தொன்றாம் கொக்கியில்.
இரவுக் காட்சி முடிந்து வருகிறவர்கள்
ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்பார்கள்,
அது என்ன என்று.

"சிறந்த படம்" என்பான் ஹ்ராச்சியா,
கார் எடுக்க ஓடிக்கொண்டே.